வீடியோ வகுப்பில் பேசக்கூடாது

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி என் தோளில் விழுந்தால், நிஜத் தூக்கம்தானா என்று பார்ப்பேன். வகுப்பில் ஒரு பையன் வயிற்றுவலி என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பேன். பக்கம் மாறியிருந்தால் தொலைந்தான். இப்படிப்பட்ட ஆளிடம்தான் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிவியையும் ஒரு வீடியோ பிளேயரையும் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளையும் நம்பி ஒப்படைத்தார்கள்.

காரமடையைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் அப்போது நான் அறிவியல் ஆசிரியர். வீடு கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில். தினமும் மேட்டுப்பாளையம் பேருந்தைப் பிடித்துப் போய்வருவேன். டிவியும் பிளேயரும் அதே பள்ளியில் படித்து மில் முதலாளியான ஒருவர் கொடுத்தது. எல்லாமே பத்தாம் வகுப்புப் பாடங்கள். இதயம், சிறுநீரகம், பூ, மின்மோட்டார் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கேசட். கைத்தொழில் வகுப்பு நடந்த பழைய அறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, டிவியை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கும். ஒவ்வொரு கேசட்டின் உறைக்குள்ளும் ஒரு துண்டுத் தாளைக் குறிப்பிட்ட விதத்தில் மடித்து வைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் யாராவது எடுத்தால் மடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அலுவலக உதவியாளர் கல்யாண வீடியோ போட்டுப் பார்ப்பார் என்று என் கணக்கு. அவர் அந்த அறைப் பக்கமே வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வாரம் ஒரு நாள் கடைசி இரண்டு பீரியட் வீடியோ வகுப்பு. இருட்டு அறை, அறுபது பிள்ளைகள், பையன்களும் பெண்களும். முதல் நாளே கதவில் ஒரு சார்ட் ஒட்டினேன். 'வீடியோ வகுப்பில் பேசக்கூடாது.' அதற்குக் கீழே வேறு எந்த விதியும் இல்லை. எங்கள் பள்ளிக்கூடங்களின் வழக்கப்படி வகுப்புத் தலைவி கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை எழுதுவாள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் 'அடங்கவில்லை' என்று அர்த்தம். அந்தப் பெயர்க்காரர் மறுநாள் என் வகுப்பு முழுக்க நிற்க வேண்டும்.

அந்த வகுப்பில் கண் பார்வையே இல்லாத ஒரு பெண் இருந்தாள். எட்டாவது வரை கோயம்புத்தூரில் விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளியில் படித்துவிட்டு, அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லாததால் எங்களிடம் வந்து சேர்ந்தவள். அம்மா கறிவேப்பிலைத் தோட்டத்தில் இலை ஒடிக்கிற கூலிவேலைக்குப் போகிறவர். அப்பா இல்லை. முதல் வீடியோ வகுப்பன்று அவளும் மற்றவர்களோடு வந்து வாசலில் நின்றாள்.

"நீ எதுக்கும்மா இங்க? லைப்ரரியில போய் உக்காந்துக்கயேன்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

"காது கேக்குமுங்க சார்" என்றாள்.

உள்ளே விட்டேன். அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தவள் அவளுடைய பெஞ்சுத்தோழி. பார்வையில்லாதவளின் அம்மா கூலிக்குப் போகிற அதே கறிவேப்பிலைத் தோட்டத்தின் சொந்தக்காரர் மகள். படிப்பில் சுமார். தோட்டக்காரர் மகள் கூலிக்காரம்மாவின் மகளை இப்படிக் கைகோத்துக் கூட்டிக்கொண்டு திரிவது அந்த ஊரில் தினம் பார்க்கிற காட்சி அல்ல. இதில் என்னவோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

இதயம் பாடத்தைப் போட்டுக் காட்டிய மறுவாரம் அதில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்தேன். பார்வையில்லாத பெண் விடைகளைச் சொல்லச் சொல்ல, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்து எழுதித் தருவாள். அதுதான் ஏற்பாடு. விடைத்தாளைத் திருத்தும்போது என் பேனா நின்றுவிட்டது. 'படத்தில் கெட்ட இரத்தம் நீல நிறத்திலும் நல்ல இரத்தம் சிவப்பு நிறத்திலும் ஓடும். வால்வு இரண்டு உள்ளங்கைகள் சேர்வது போல மூடிக்கொள்ளும்.' பாடப்புத்தகம் கறுப்பு வெள்ளை. கேசட்டில் பேசுகிறவர் நிறத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. உள்ளங்கை என்ற சொல் புத்தகத்திலும் இல்லை, கேசட்டிலும் இல்லை. பார்வையே இல்லாதவளுக்கு இது எப்படித் தெரியும்? பத்துக்கு ஒன்பது போட வேண்டியிருந்தது. போடும்போதே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

முதல் சந்தேகம் எழுதியவள் மேல். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, நீயாகச் சேர்த்து எழுதினாயா என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகையை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை, எந்தப் பக்கத்துக்கும். அடுத்த தேர்வுக்கு ஆளை மாற்றி, இதயத்துக்கு எத்தனை அறை என்றுகூடத் தெரியாத எட்டாம் வகுப்புப் பெண்ணை உட்கார வைத்தேன். பாடம் சிறுநீரகம். மறுபடியும் பத்துக்கு ஒன்பது.

அப்படியானால் கசிவு வேறு எங்கோ இருக்கிறது. அடுத்த வீடியோ வகுப்பில் நான் டிவியைப் பார்க்கவில்லை. பக்கச் சுவரோடு ஒட்டி நின்று, கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு, அந்த ஒரு பெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தோட்டக்காரர் மகளின் வாய் அவள் காதருகே போயிற்று. கை அவள் கையைப் பிடித்தது. உள்ளங்கையில் விரலால் என்னவோ கோடு இழுத்தாள், புள்ளி வைத்தாள், விரல்களை மடக்கிக் காட்டினாள். ஆகா, சைகை பேசுகிறார்கள். விடைகளுக்கு ஏதோ அடையாளம் ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். தோட்டக்காரர் மகளின் பெயர்தான் பட்டியலின் உச்சியில், மூன்று பெருக்கல் குறிகளோடு. யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு வாரமும் அவள் பெயர்தான் இருந்தது. ஒவ்வொரு வாரமும் மறுநாள் நின்றாள். நின்றுவிட்டு, அடுத்த வாரமும் பேசினாள். இவ்வளவு அடங்காமைக்குப் பின்னால் பெரிய லாபம் ஏதாவது இல்லாமல் இருக்குமா?

இருவரையும் பிரித்தேன். தோட்டக்காரர் மகளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். பார்வையில்லாதவளை முன்னால், டிவிக்குப் பக்கத்தில், தனி நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"காது கேக்கும்னயில்ல, நல்லாக் கேளு" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள் அவள்.

"சரிங்க சார்" என்றாள் இவளும், கடைசி வரிசையிலிருந்து.

அடுத்த தேர்வில் பத்துக்கு மூன்று.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மூன்றைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு குழந்தையின் மதிப்பெண் சரிந்ததில் ஒரு வாத்தியாருக்குச் சந்தோஷம். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு, மணி அடித்ததும் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் தேர்ச்சி விகிதம் என்ற ஒன்று அவரைப் பேயாகப் பிடித்திருந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளைப் பள்ளிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். பல பள்ளிகளில் நடந்ததுதான். அந்த வருடத்துப் பட்டியல் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. தனித்தேர்வர் என்றால் வகுப்புக்கு வர வேண்டாம், வீட்டில் இருந்து தானாகப் படித்து, மேட்டுப்பாளையத்தில் ஏதோ ஒரு மையத்துக்குத் தானாகப் போய் எழுத வேண்டும். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் எழுதப் போனதே இல்லை. பார்வையில்லாத ஒரு பெண் எப்படிப் போவாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"மத்த பாடமெல்லாம் எப்படியோ ஒப்பேத்திருவா. அறிவியல்தானுங்க சார் யோசனை. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். எழுத்துல குடுத்துருங்க" என்றார் அவர்.

எழுத்தில் கொடுத்தேன். அந்த வாக்கியம் இன்றும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. 'இம்மாணவி வீடியோ பாடங்களில் முன்பு பெற்ற மதிப்பெண்கள் பிறர் உதவியால் பெறப்பட்டவை.' கீழே கையெழுத்து.

இரண்டு நாள் கழித்து, பட்டியலில் மகள் பெயர் இருக்காது என்று தெரிந்து அவளுடைய அம்மா வந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். நான் உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க சார், என்ற புள்ள காப்பி அடிச்சாளாங்க?"

"காப்பின்னு நான் எழுதலீங்க. பக்கத்துல இருந்த புள்ள சொல்லிக் குடுத்திருக்குது."

"கண்ணு தெரியாதவ ஆரப் பாத்துங்க காப்பி அடிப்பா?"

"காதால அடிக்கலாமுங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது நன்றாக இல்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "சரிங்க சார்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊட்டுல தனியா உட்டுப்போட்டு நான் வேலைக்குப் போக முடியாதுங்க. என்னோட தோட்டத்துக்குத்தான் கூட்டிப் போகோணும். தொட்டுப் பாத்தே இலை ஒடிச்சுப்போடுவா. கெட்டிக்காரிங்க. அந்த வேலைக்கு எதுக்குங்க பத்தாவது?"

வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்று மாலை பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் உட்காராமல், நின்றுகொண்டே வந்தேன். என்னவோ ஒன்று பிடிபடவில்லை. தப்பு செய்தவர்களின் வீட்டார் என்றால் கெஞ்சுவார்கள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். இவர் இரண்டும் செய்யாதது எனக்குப் புதுச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. இந்த முறை யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வீடியோ வகுப்பில் பூ பாடம் ஓடியது. பட்டியல் போகிற வரை வரட்டும் என்று விட்டிருந்ததால் பார்வையில்லாதவளும் முன்னால் தன் நாற்காலியில் இருந்தாள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் தோட்டக்காரர் மகள், பெஞ்சின் ஓரத்தில் தனியாக. அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. முதலில் நான் அதை ஏதோ பூச்சியின் சத்தம் என்று நினைத்தேன். குனிந்து கேட்டேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"பூவ நெட்டுக்க அறுத்துக் காட்டறாங்க. நடுவுல ஊசியாட்ட ஒண்ணு நிக்குது. அதோட தலையில மஞ்சப்பொடி வந்து ஒட்டுது. ஒரு பொடியில இருந்து சன்னமா வேரு மாதிரி கெளம்பி, ஊசிக்குள்ள கீழ எறங்குது. அடியில ஒரு குடம். குடத்துக்குள்ள முட்டையாட்ட சின்னச் சின்னதா..."

டிவியில் அந்தக் கம்பீரக் குரல் அதே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தது: "இது இதன்மீது வந்து விழுகிறது. பின்னர் இங்கிருந்து இவ்வாறு கீழ்நோக்கிச் சென்று, இதனை அடைகிறது."

அந்தக் கேசட்டை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றுதான் காதில் விழுந்தது. இது, இதன்மீது, இங்கிருந்து, இவ்வாறு, இதனை. படத்தை மூடிவிட்டால் அந்த மனிதர் ஒன்றுமே சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு முன்னால்தான் அவளைத் தனி நாற்காலி போட்டு உட்கார வைத்து, நன்றாகக் கேள் என்றிருந்தேன்.

"யார்கிட்ட பேசற?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். "ஆருகிட்டயும் இல்லீங்க சார். பழகிப்போச்சுங்க."

வகுப்பு முடிந்ததும் இருவரையும் நிறுத்திவைத்தேன். இதை ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் கேட்கிற குரலாக இல்லை, அதட்டுகிற குரலாகத்தான் வந்தது. பழக்கதோஷம்.

"பேசக் கூடாதுன்னு நீங்கதானுங்க சார் எழுதிப் போட்டிருந்தீங்க" என்றாள் தோட்டக்காரர் மகள்.

"அவ பேரு போர்டுல வந்துட்டே இருந்துச்சுங்க. எனக்காகத்தான் பேசறான்னு நாஞ்சொன்னா, அவளுக்கு இன்னும் திட்டு உழுகுமோன்னுதானுங்க" என்றாள் மற்றவள்.

அப்போதும் என் புத்தி போகவில்லை. "உனக்கு இதுல என்ன லாபம்?" என்று தோட்டக்காரர் மகளிடம் கேட்டேன்.

அவள் யோசித்தாள். அந்தக் கேள்வியை அவள் அதுவரை யோசித்ததே இல்லை என்று தெரிந்தது. "எனக்குப் படிச்சா மண்டையில நிக்கறதில்லீங்க சார். அவளுக்குச் சொன்னா எனக்கும் நிக்குதுங்க."

நம்பவில்லை. மதிப்பெண் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பிரித்து வைத்த வாரத்திலிருந்து தோட்டக்காரர் மகளின் மதிப்பெண்ணும் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கியிருந்தது. அந்த நோட்டு இத்தனை நாளும் என் மேஜையில்தான் கிடந்தது. சந்தேகப்படுவதில் சூரன் நான், ஒரே ஒரு வரி கீழே பார்த்திருக்கவில்லை.

பட்டியல் மறுநாள் மாலை தேர்வுத்துறைக்குப் போக வேண்டும். தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். நான் எழுதியது தவறு, அவள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க சார், போன வாரம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. இன்னைக்குச் சேத்துங்கறீங்க. நடுவுல ஆராச்சும் உங்களப் பாத்தாங்களாங்க? தோட்டத்துக்காரரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என்னைப் பார்த்தா இப்படிக் கேட்கிறீர்கள் என்று கத்தப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தினமும் நான் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை. எதிர்ப்பக்கத்தில் நின்றால் அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இன்னும் வகுப்பில் காட்டாத ஒரு கேசட்டைப் போடுவது. அவரும் உட்கார்ந்து பார்த்துப் பத்துக் கேள்வி கேட்பது. ஆறு கேள்விக்காவது சரியாகச் சொன்னால் பெயர் பட்டியலில் போகும். சொல்லாவிட்டால் பேச்சில்லை. "ஆனா அந்தத் தோட்டத்துப் புள்ள பக்கத்துல வேண்டாமுங்க. ரெண்டும் சேந்து என்னமோ பண்ணுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. படத்துல என்ன ஓடுதுன்னு நீங்களே சொல்லுங்க."

சரி என்றேன். பதினைந்து வருடமாக அறிவியல் நடத்துகிறவன், எனக்குத் தெரியாத படமா என்ற எண்ணம்.

மறுநாள் மதியம் அந்த அறையில் நாங்கள் மூன்று பேர். கேசட் மின்மோட்டார். அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். படம் ஆரம்பித்தது.

"இப்ப மோட்டாரக் காட்டறாங்க. ஆர்மேச்சர் தெரியுது. இதோ, இது சுத்த ஆரம்பிக்குது" என்றேன்.

"எதுங்க சார்?"

"கம்பிச்சுருள்."

"எந்தப் பக்கமாங்க சார்?"

"அதான், மின்னோட்டம் போற திசைக்கு ஏத்த மாதிரி."

அவள் மேலே கேட்கவில்லை. படம் அதற்குள் வேறு எங்கோ போயிருந்தது. நான் வேகமாகப் பின்தொடர்ந்தேன். காந்தப்புலம், பிளவு வளையம், தூரிகைகள் என்று புத்தகத்தில் உள்ள சொற்கள் எல்லாம் வரிசையாக வந்தன. திரையில் இருப்பது எப்படி இருக்கிறது என்று மட்டும் என் வாயில் வரவில்லை. நான் படத்தைப் பார்க்கவில்லை, மனப்பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை நானும் "இது இங்க வந்து" என்றே சொல்லிவிட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவற்றில் ஏதாவது வரைந்து காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தலைமை ஆசிரியர் கேட்டார். வளையம் எத்தனை துண்டாக இருந்தது, எந்தத் துண்டு எதைத் தொட்டது, கம்பிச்சுருள் எந்த வடிவத்தில் இருந்தது, எந்தப் பக்கம் சுற்றியது. படத்தைப் பார்த்த எவரும் சொல்லக்கூடிய கேள்விகள். அவள் நான்குக்குச் சரியாகச் சொன்னாள். மற்றவற்றுக்குத் தெரியவில்லை என்றாள்.

"நாலு" என்றார் அவர். "என்னம்மா, சார் பக்கத்துல உக்காந்து சொல்லியுமா?"

"சார் நல்லாத்தான் சொன்னாருங்க. நாந்தானுங்க சரியாக் கேக்கல."

அவள் குரலில் கிண்டல் இல்லை, அழுகை இல்லை. நாளைக் காலையிலிருந்து கறிவேப்பிலைத் தோட்டம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாத்தியாரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க. அந்த ஆறும் நான் சொல்லவே இல்லீங்க. எனக்குச் சொல்லத் தெரியல. தப்பு என்னுது" என்றேன்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. அவளைக் காப்பாற்றப் புதிதாக ஒன்று சொல்கிறேன் என்றுதான் நினைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு முறை அந்தத் தோட்டக்காரர் மகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவள் விடை சொல்கிறாளா படத்தைச் சொல்கிறாளா என்று நீங்களே கேளுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆள் அனுப்பினார். "அதே கேள்விய மறுபடி கேக்க மாட்டேனுங்க" என்றார்.

கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி போட்டேன். தோட்டக்காரர் மகள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். படம் ஓடியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமாச் சொல்லு கண்ணு, எனக்கும் கேக்கோணும்" என்றார் தலைமை ஆசிரியர்.

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"பயப்படாமச் சொல்லும்மா. நானே சொல்றேன், பேசு" என்றேன்.

மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள். காந்தம் போய்விட்டது, கம்பிச்சுருள் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் எல்லாம் போய்விடும். தலைமை ஆசிரியர் எழுந்து என் அருகே வந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

நான் கறுப்புத் தாள் ஒட்டிய அறை. என் பூட்டு, என் சாவி. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே படத்தை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஓட விடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கம்பீரக் குரல் மட்டும்தான் வந்தது. அப்புறம் அவள் குரல், முதலில் தணிந்து, பிறகு நன்றாகவே.

"லாடமாட்ட வளைஞ்ச காந்தம், ஒரு கை செவப்பு, ஒரு கை ஊதா. நடுவுல கம்பி. கயித்துக்கட்டுலோட சட்டமாட்ட நாலு பக்கம். சுத்துது. உன்ற கையக் குடு, இந்தப் பக்கமா. கம்பியோட ரெண்டு முனையும் ஒரு வளையத்துல வந்து முடியுது. வளையத்த நட்டநடுவுல பொளந்திருக்காங்க, ரெண்டு பாதிக்கும் நடுவுல சந்து. ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு கட்ட ஒரசிட்டே நிக்குது. பிரஷ்ஷுங்கறாரு, ஆனா முடி ஒண்ணும் இல்ல. எங்க கெணத்து மோட்டார்ல தேஞ்சு போனா மாத்துவாங்களே, கரிக்கட்ட, அதுதான்."

சாத்திய கதவுக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்த எனக்கு மோட்டார் தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் தெரிந்தது. பதினைந்து வருடமாக நான் தூரிகை என்று சொல்லச் சொல்ல, பிள்ளைகள் பரீட்சையில் பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷை வரைந்து வைத்ததும், நான் சிவப்பு மையால் அடித்ததும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணை இந்தக் குரலிடமிருந்து பிரித்து வாரக்கணக்கில் இருட்டில் உட்கார வைத்தது நான்.

கதவு திறந்தது. தலைமை ஆசிரியர் என் தோளைத் தட்டிவிட்டு, "ஒம்பதுங்க. அந்தக் கடுதாசியத் திரும்ப எழுதிக் குடுத்துருங்க" என்று சொல்லிக்கொண்டே அலுவலகத்துக்குப் போனார். அவர் பின்னால் இருவரும் கைகோத்து வந்தார்கள். பார்வையில்லாத பெண் வாசற்படியில் நின்றாள்.

"சயின்ஸ் சார் போயிட்டாரா?" என்று தோழியிடம் கேட்டாள்.

தோட்டக்காரர் மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவசரப்படாமல், படத்தைப் பார்ப்பது போல, என் முகத்தை முழுக்கப் பார்த்தாள். பிறகு அவள் காதருகே வாயைக் கொண்டுபோய், எனக்குக் கேட்காதபடி என்னவோ சொன்னாள். உள்ளங்கையில் விரலால் ஒரு கோடும் இழுத்தாள். இவள் கேட்டுக்கொண்டு மெல்லத் தலையசைத்தாள்.

என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவரும் மரியாதையாக வேறு எதையாவது சொல்லியிருப்பார்கள்.